முப்பிரிக் கயிறும் மாட்டின் இதய உறையும்: திசுக்களின் கட்டமைப்பை ஆராய அரசுப் பணம் எதற்கு?

இரணியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணியலுக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் திருவனந்தபுரத்தில் அரசு நிதியில் நடக்கும் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மாட்டின் இதயத்தைப் பை போல மூடியிருக்கும் சவ்வை மெல்லிய சீவல்களாகச் சீவி, அதற்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எங்கே நெருங்கிக் கிடக்கின்றன, எங்கே தளர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதே நான்கு ஆண்டுகளாக அவளுடைய வேலை.

சென்ற வாரம் ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "மாதம் 42,000 ரூபாய் உதவித்தொகை வாங்கி மாட்டுச் சவ்வைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அதனால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் மக்களே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவளால் அந்த இடத்தில் விளக்கிச் சொல்ல முடியவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் அம்மாவுக்குத்தான் ஒன்று தோன்றியது. அம்மா ஏ.வி.எம். கால்வாய்க் கரையில் கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப் போட்டு, தும்பு (நார்) அடித்து, கயிறு திரித்து எங்களை வளர்த்தவர். மகள் தன் மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். சவ்வின் சீவலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, தளவிளைவுற்ற ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில், நுண்ணோக்கி வழியாக எடுத்த படம். கறுப்புப் பின்னணியில் செம்மஞ்சள் நிறத்தில் இழைகள் கற்றை கற்றையாக, நெளி நெளியாக ஓடுகின்றன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பழைய கயிற்றைப் பிரித்துப் போட்டால் நிற்கிற நெளிவு அல்லவா" என்றார். மகள் துள்ளிக் குதிக்காத குறைதான். அந்த நெளிவுதான் அவள் அளப்பது. சவ்வை இழுக்கும்போது முதலில் அந்த நெளிவு நிமிர்கிறது. அதுவரை சவ்வு இலகுவாக நீளும். நெளிவெல்லாம் நிமிர்ந்த பிறகு இழைகளே பாரம் தாங்கத் தொடங்குவதால் சவ்வு சட்டென்று விறைத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பொதுப்பணம் செலவிடுவது சரியா என்பதுதான் நான் இங்கே கேட்பது. மகளுக்குப் பரிந்து பேச வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள்.


தக்கலை கணக்காளர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் உறவினர் கேட்டதை நானும் கேட்கிறவன்தான், ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறேன். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க மக்கள் நாள் கணக்கில் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு கருவி கூடுதலாக வாங்கினால் அடுத்த நாளே பலன் தெரியும். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பதற்குப் பலன் எப்போது வரும், யாருக்கு வரும் என்று எவரும் சொல்வதில்லை.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டளவே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்பதும், அது மிகக் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். பணம் குறைவாக இருக்கும்போதுதான் எதற்கு முதலில் என்ற கேள்வி கூர்மையாகிறது. மருந்து கண்டுபிடிக்கிறேன், கருவி செய்கிறேன் என்பவருக்குக் கொடுத்தால் கணக்குப் பார்க்க ஒரு பொருளாவது மிஞ்சும். கட்டமைப்பை அறிகிறேன் என்பவரிடம் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? இது என் உண்மையான ஐயம். மனம் நோக வேண்டாம்.


பாறசாலை செவிலி எழுதியது:

கணக்காளர் அண்ணாச்சிக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியிருக்கிறேன்.

சிறுவயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போனவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களில் பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். வால்வை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உலோகம், கார்பன் போன்ற கெட்டியான பொருள்களால் செய்த இயந்திர வால்வு. மற்றது மாட்டின் இதய உறையையோ பன்றியின் வால்வையோ பதப்படுத்திச் செய்த திசு வால்வு. ஆசிரியையின் மகள் பார்க்கிறாரே, அதே சவ்வுதான்.

இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். இரவில் வார்டு அடங்கிய பிறகு நோயாளியின் பக்கத்தில் நின்றால் கடிகாரம் போல அதன் சத்தம் கேட்கும். ஆனால் அதில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். தவறாமல் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். அளவு கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் அடைப்பு. வார்ஃபரின் என்ற அந்த மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டி வந்த நாள்களை நான் மறக்கவில்லை.

திசு வால்வு வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மாத்திரை நீண்ட நாள் தேவைப்படாது. அப்படியானால் எல்லாருக்கும் அதையே வைக்கலாமே என்று கேட்பீர்கள். அதில் கால்சியம் படிந்து சவ்வு விறைத்துக் கிழிகிறது. கொடுமை என்னவென்றால், வயதானவர்களைவிட இளையவர்களின் உடலில்தான் அது விரைவாகக் கெடுகிறது. நமக்கு யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது கைகொடுப்பதில்லை. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்தச் சவ்வு ஒரு முறை மடங்கி விரிய வேண்டும். இழைகள் ஓடும் திசைக்கும் மடிப்பு விழும் இடத்துக்கும் பொருத்தமில்லை என்றால் முதலில் கிழிவது அந்த இடம்தான். இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பதை வேலையற்ற வேலை என்று என்னால் நினைக்க முடியாது.


குளச்சல் வாசகர் எழுதியது:

சகோதரி, ஒரு சந்தேகம். திருவனந்தபுரத்தில் செய்த சித்ரா வால்வு என்பது இவற்றில் எந்த வகை? எங்கள் தெருவில் ஒருவருக்கு அதை வைத்திருக்கிறார்கள்.


பாறசாலை செவிலி எழுதியது:

அது இயந்திர வகை. ஒரே ஒரு வட்டு சாய்ந்து திறந்து மூடும். கோபால்ட் கலந்த உலோகக் கூடு, மிகக் கெட்டியான பாலிஎத்திலீன் வட்டு, தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். டாக்டர் வலியத்தான் தலைமையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். முந்தைய மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. செயற்கை நீலக்கல் படிகத்தை வட்டாக வைத்த மாதிரியையும் கைவிட வேண்டியதாயிற்று. நான்காவது மாதிரிதான் நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதுவரை வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாமல் இருந்தவர்களுக்கு அதன் பிறகுதான் கைக்கெட்டும் விலையில் வால்வு கிடைத்தது. மூன்று மாதிரி தோற்ற பிறகும் பணம் கொடுத்துக் காத்திருக்க அரசு நிதியால்தான் முடிந்தது என்பதைக் கணக்காளர் அண்ணாச்சி கவனிக்க வேண்டும்.


களியக்காவிளை முதியவர் எழுதியது:

அடையாற்றில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக முப்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவன் நான். செவிலி அம்மா சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் வால்வு என்ற பொருளைக் காட்டினால்தான் ஆய்வு நியாயமாகும் என்று நாம் ஒப்புக்கொண்டுவிடக் கூடாது என்று எனக்குப் படுகிறது. பொருளே கண்ணுக்குத் தெரியாத காலத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன் தம் 30-ஆம் வயதில், 1952-இல், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். அதே ஆண்டு சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், தசைநாண், எலும்பு, பல், குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுத் தருவது அந்தப் புரதம். நம் உடலில் மிகுதியாக இருக்கும் புரதமும் அதுவே. பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. மற்ற மாதிரிகளைவிட அதில் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததால், எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அந்தப் படத்தை வைத்து 1954-இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள்; 1955-இல் அதையே திருத்தி, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவம் என்று நிறுவினார்கள். சில நுணுக்கங்களைப் பிறகு வெளிநாட்டவர் திருத்தினார்கள். மூன்று பிரி என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

ஆசிரியையின் அம்மாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிரியை ஒரு பக்கமாக முறுக்கி, பிரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு கைவிட்டதும் அவிழ்ந்துபோகாமல் நிற்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். கொலாஜனிலும் அப்படியே: ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் திரும்பி முறுகியிருக்கிறது, மூன்றும் சேர்ந்த கயிறோ வலப்பக்கம் முறுகியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதால் என்ன வந்தது? சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். ஏனென்றால் மூன்று பிரிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. பிற்காலத்தில், பிறந்தது முதலே எலும்பு முறிந்துகொண்டிருக்கும் குழந்தைகளின் மரபணுவைப் பார்த்தபோது, பலரிடம் ஒரே ஒரு கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகளில் ஒன்று மாறினால் எலும்பு ஏன் நொறுங்குகிறது என்பதற்கு விடை 1955-இலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. வைட்டமின் சி இல்லாத மாலுமிகளுக்கு ஈறு ஏன் இரத்தம் கசிந்தது என்பதும் இதனால்தான் துலங்கியது. புரோலின் என்ற கண்ணியில் ஆக்சிஜன் ஏறினால்தான் முப்பிரி உடல் சூட்டில் அவிழாமல் நிற்கும். அதை ஏற்றும் நொதிக்கு அந்த வைட்டமின் துணை வேண்டும்.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை இன்றும் உலகத்தில் எந்தப் புரதத்தின் கட்டமைப்பைக் கண்டறிந்தாலும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அதற்குக் காப்புரிமையும் இல்லை, விலையும் இல்லை. கணக்காளர் தம்பி, இதை உங்கள் ஏட்டில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?


பேரணாம்பட்டு தோல்காரர் எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். பெரியவர் சொன்ன முப்பிரி அவிழ்வதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். பதனிடாத தோலின் ஒரு துண்டை வெந்நீரில் போட்டால் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரியில் சட்டென்று சுருண்டுவிடும். இன்னும் கொதிக்க வைத்தால் பசையாகிவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாவதும் அதே பொருளால்தான். குரோம் ஏற்றிய தோல் கொதிநீரிலும் சுருங்காது. பதம் சரியாக ஏறியதா என்று பார்க்க இன்றும் ஒரு துண்டை வெட்டி ஓரத்தைத் தாளில் வரைந்துகொண்டு, கொதிநீரில் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்க்கிறோம். இழைகளுக்கிடையே குரோமியம் பாலம் போடுகிறது என்று தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. காரணம் தெரிந்த பிறகுதான் தேவைக்கு மேல் குரோமியத்தைக் கொட்டி ஆற்றில் விடுவது எவ்வளவு வீண் என்பதும் உறைத்தது.


தக்கலை கணக்காளர் எழுதியது:

பெரியவருக்குப் பணிவுடன் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு என் ஏட்டில் பத்தி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காப்புரிமை இல்லாமல் உலகத்துக்கே கொடுத்ததை வருமானம் என்று எழுத முடியாது, இழப்பு என்றும் எழுதக் கூடாது. தனியார் யாரும் அதற்குப் பணம் போட்டிருக்க மாட்டார்கள் என்பதும் புரிகிறது.

ஆனால் ஒன்றில் நான் பின்வாங்க மாட்டேன். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவதாக 2023-இல் அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது. வெளிப்பணம் பொருளைத்தான் தேடும். அப்படியானால் பொதுமக்கள் போடும் பங்குதான் உங்கள் கங்காரு வாலுக்குச் சோறு போட வேண்டும். அந்தப் பொதுமக்களுக்கு, என்ன பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று அவர்கள் மொழியில் யார் சொல்கிறார்கள்? ஆசிரியையின் மகளே கல்யாண வீட்டில் சொல்ல முடியாமல் நின்றார். குற்றம் அந்தப் பிள்ளையுடையது அல்ல. சொல்லிப் பழக எவரும் அவரைப் பயிற்றவில்லை.


மண்டைக்காடு தும்பு ஆலை எழுதியது:

கணக்காளர் சொன்ன கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். நாங்கள் இரண்டு தலைமுறையாகத் தும்பு ஆலை நடத்துகிறோம். அப்பா காலத்தில் கதம்பையை உப்புத் தண்ணீரில் ஆறு மாதம் முதல் பத்து மாதம்வரை அழுகப் போட்டுத்தான் எடுப்போம். இப்போது பச்சைக் கதம்பையை இயந்திரத்தில் போட்டு அன்றைக்கே தும்பு எடுக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், இயந்திரத் தும்பில் திரித்த கயிறு அறுந்துபோகிறது என்று வாங்குகிறவர் ஒரு லாரிச் சரக்கைத் திருப்பியனுப்பிவிட்டார்.

இரண்டு வகைத் தும்பையும் ஒரு பொது ஆய்வு நிலையத்துக்குக் கட்டணம் கட்டிச் சோதனைக்கு அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து நான்கு பக்க ஆங்கில அறிக்கை வந்தது. இழுவலிமை, நீட்சி, லிக்னின் விழுக்காடு, நுண்ணிழைக் கோணம் என்று எண்களாக நிரப்பியிருந்தார்கள். எண்கள் சரியாகத்தான் இருக்கும். அவற்றை வைத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. தொலைபேசியில் கேட்டேன். அறிக்கையில் இருப்பதுதான் எங்கள் பதில் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தத் தாளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆய்வு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தும்புக்குள் இருக்கும் ஒன்றை அவர்கள் பார்த்துவிட்டார்கள், எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. ஆசிரியை அம்மா, உங்கள் மகளுக்கு அந்தக் கோணம் என்பது என்னவென்று தெரியுமா?


இரணியல் ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தும்பு ஆலை அண்ணாச்சியின் பதிவை மகளிடம் காட்டினேன். அவள் தொலைபேசியில் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். தவறு இருந்தால் அது என்னுடையது.

தும்பின் ஒரு நாரை நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒற்றை இழையல்ல, நீண்ட செல்கள் பல ஒட்டிய கட்டு. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பம்பரத்தில் சாட்டை சுற்றியதுபோல் சரிந்து சுற்றியிருக்கின்றன. செல்லின் நீளவாட்டத்திலிருந்து அவை எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதுதான் நுண்ணிழைக் கோணம். சணலில் அது ஏறத்தாழ 8 டிகிரி. இழைகள் கிட்டத்தட்ட நேராக ஓடுவதால் சணல் 2 விழுக்காடுகூட நீளாமல் அறுந்துவிடும். தேங்காய் நாரில் 30 முதல் 49 டிகிரிவரை சாய்ந்திருக்கும்; ஆகவே இழுக்கும்போது சுருள் வில்லைப் போல முதலில் அந்தச் சாய்வு நிமிர்கிறது, நார் 15 விழுக்காட்டுக்கு மேலும் நீண்டு கொடுக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதால் உப்புத் தண்ணீரும் அதை எளிதில் அழிப்பதில்லை. நம் கடற்கரையில் வள்ளங்களைக் கட்டி நிறுத்த இந்தக் கயிற்றை விரும்பியதற்கு இவையே காரணம். மாட்டுச் சவ்வில் தான் பார்க்கும் நெளிவும் இதுவும் செய்கிற வேலை ஒன்றுதான் என்று அவள் சொன்னபோது என் அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் அறிக்கையின் படத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கோணம் இரண்டு வகையிலும் ஒன்றாக இருந்து நீட்சி மட்டும் குறைந்திருந்தால், நாரின் இயல்பில் குறையில்லை, எடுக்கும்போதோ உலர்த்தும்போதோ அது காயப்பட்டிருக்கலாம் என்று தேட வேண்டுமாம். ஆனால் நாரில் எவ்வளவு ஈரம் இருந்தபோது இழுத்துப் பார்த்தார்கள் என்பது அறிக்கையில் இல்லை என்றால், இரண்டையும் ஒப்பிட்டு ஒரு சொல்கூடத் தன்னால் சொல்ல முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அறுந்த கயிற்றில் அறுந்த இடத்தோடு சேர்த்து ஒரு சாண் நீளத்துக்கு ஐந்தாறு துண்டும், இரண்டு வகைத் தும்பிலும் ஒரு பிடி வீதமும் கேட்கிறாள். நெகிழிப் பையில் கட்ட வேண்டாம், வேர்த்துவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றி, எது எந்த வகை என்று மேலே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வருகிறாள். மண்டைக்காட்டுக்கு நானும் அம்மாவும் கூட வருகிறோம். இயந்திரத்தில் தும்பு எடுப்பதை அம்மா இதுவரை பார்த்ததில்லை.